குருக் மாவுர் போருக்கு நான் அனுப்பிய காற்று

போன மாதம் எங்கள் வரலாற்றுத் துறையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் லிஜின். என்னிடம் படித்து, இப்போது என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பாடம் நடத்துபவர்.

"சார், சொகமா இருக்கியளா? ஒரு விசயம் கேட்டியளா. இனிமே வேல்யுவேஷனுக்கு கேம்ப் கெடையாது. பேப்பரு எல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல வந்திரும், வீட்டுல இருந்தே திருத்தலாம். பெறவு, இங்கிலாந்து வரலாறு பேப்பரையும் சிலபஸ்ல இருந்து தூக்கியாச்சு. பழைய கேம்ப் அனுபவம் ஒண்ணு எழுதித் தாங்க சார், துறை மலர்ல போடலாம்."

இரண்டு துக்கச் செய்திகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கூடவே கட்டுரையும் கேட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சரி என்று ஒத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவனிடம் எழுதக் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வான்?

முப்பத்தொரு வருடம் கல்லூரி வாத்தியாராக இருந்தேன். அதற்கு முன்னால் உள்ள கதை எல்லோருக்கும் நடப்பதுதான். எம்.ஏ., எம்.பில்., இரண்டு கல்லூரிகளில் தற்காலிக வேலை, நடுவில் ஒரு டுடோரியல், கடைசியில் நாகர்கோவிலில் நிரந்தர வேலை. உத்தரவு வந்த அன்று அம்மா சர்ச்சில் ஸ்தோத்திரம் சொல்ல வைத்தாள். அந்த வருடங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

புதிதாக வந்தவன் என்பதால் என் தலையில் கட்டப்பட்ட பாடம் இங்கிலாந்து வரலாறு. முதல் வருடம் பயபக்தியோடு நோட்ஸ் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். ஒருநாள் முன் பெஞ்சில் ஒருவன் தூங்கியே போனான். மணி அடித்தது, நான் வெளியே வந்துவிட்டேன், அவன் எழும்பவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த பொருளாதார ஆசிரியர் அவனைத் தட்டி, "வரலாறு முடிஞ்சிட்டு மக்கா, எழும்பு" என்றாராம். ஒரு மாதம் கல்லூரி முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு வந்த ரோஷத்தில் நோட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தவில்லை, நடித்தேன் என்றே சொல்ல வேண்டும். இங்கிலாந்து அரசர்களைக் கோட்டாறு கடைத்தெருவில் நடக்கவிட்டேன். அரசருக்கும் பார்லிமென்டுக்கும் நடந்த வரிச் சண்டையை வடசேரி சந்தையில் வாழைக்குலைக்கு விலை பேசுவதுபோல நடத்திக் காட்டினேன். கேள்வி கேட்பவர்களைக் கிண்டல் செய்வேன், வகுப்பு குலுங்கும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து நின்று கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன்.

இப்படி நான் நடித்துக் காட்டியவற்றில் பெயர்போனது குருக் மாவுர் போர். சிலபஸில் நார்மன் ஆட்சிக்குக் கீழே 'வேல்ஷ் எல்லைப் போர்கள்' என்று ஒரு வரி உண்டு. அதில் வருவது இது. வேல்ஷ் மொழியில் அதை எப்படி உச்சரிப்பார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் குருக் மாவுர் என்று அச்சாகியிருந்தது. தோவாளைக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர்போல இருந்ததால் எனக்கு அது பிடித்துப்போயிற்று.

விசயம் இதுதான். நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த கையோடு வேல்ஸ் எல்லையிலும் கோட்டை கோட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இங்கிலாந்து அரசர் இறந்து, அடுத்து யார் என்று குழப்பம் வருகிறது. அந்தச் சமயம் பார்த்து வேல்ஷ் தலைவர்கள் ஒன்றுசேர்ந்து எழுகிறார்கள். கார்டிகன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றருகே இரு படைகளும் மோதுகின்றன. நார்மன் படை முறிந்து ஊரைப் பார்த்து ஓடுகிறது. வழியில் ஆறு, ஆற்றில் ஒரு பாலம். எல்லோரும் ஒரேயடியாக ஏற, பாலம் பாரம் தாங்காமல் உடைகிறது. ஆற்றில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். ஊர் எரிகிறது, கோட்டை மட்டும் தப்பிக்கிறது.

புத்தகத்தில் இது பதினொரு வரி. என் வகுப்பில் முழுதாக ஒரு மணி நேரம். போரை நான் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். காற்றாலைகள் சுழலும் அந்தக் கணவாயில் ஆடி மாதம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். வேல்ஷ்காரன் மேற்கே மலையோரம் நிற்கிறான். நார்மன் கிழக்கே இருந்து குதிரையில் வருகிறான். மேற்கிலிருந்து காற்று வேல்ஷ்காரனுடைய முதுகில் அடிக்கிறது. அவன் விட்ட அம்பு இரண்டு மடங்கு தூரம் போகிறது. நார்மனுடைய தலைக்கவசத்தில் கண்ணுக்கு இருக்கும் துளைகள் வழியாக மண் புகுந்து அவனுக்குக் கண் தெரியவில்லை. நான் டஸ்டரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேடையில் தடுமாறி விழப்போவேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டுவார்கள்.

இதில் காற்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதல் வருடம் 'ஒருவேளை காற்றும் அடித்திருக்கலாம்' என்றுதான் சொன்னேன். அடுத்த வருடம் 'ஒருவேளை' போய்விட்டது. ஐந்தாறு வருடம் கழிந்ததும், இதை எங்கோ படித்திருக்கிறேன் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

இனி கேம்ப் கதைக்கு வருகிறேன். மே மாத வெயிலில் வெளியூர்க் கல்லூரி ஒன்றின் பெரிய ஹாலில் எங்களை அடைத்துவிடுவார்கள். விடைத்தாளில் பதிவெண் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டு, வேறொரு பொய் நம்பர் போட்டிருப்பார்கள். எந்த ஊர், எந்தக் கல்லூரி, யார் எழுதியது என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாது. ஆனால் ஒரு கல்லூரியின் தாள்கள் பெரும்பாலும் ஒரே கட்டில்தான் வரும். கட்டுக்கு நாற்பது தாள், காலையில் இருபது, மத்தியானத்துக்குப் பிறகு இருபது. எங்களுக்குச் சிவப்பு மை. மொத்தத்துக்கும் தலைவராக இருக்கும் சேர்மனுக்கு மட்டும் பச்சை மை. எங்கள் சிவப்பைத் திருத்தும் அதிகாரம் அந்தப் பச்சைக்குத்தான் உண்டு.

அந்த வருடம் சேர்மன் தமயந்தி மேடம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் துறைத்தலைவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது சந்தேகம் கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். பேனாவை மூடி வைப்பார், கேட்டவர் முகத்தைப் பார்ப்பார், மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவது நமக்கே கேட்கும். அதற்குள் பாதிப் பேர் தங்கள் சந்தேகத்தைத் தாங்களே தீர்த்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். 'முடியாது' என்று சொல்வதற்கு முன்னால் மட்டும் கண்ணாடியைக் கழற்றுவார். ஆகவே அவரிடம் போகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்போம். எல்லா வேலையிலும் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. திருத்திய தாளைத் தலைகுப்புற வைக்க வேண்டும், திருத்தாததை நேராக வைக்க வேண்டும், டீ டம்ளர் மேசைக்கு வரவே கூடாது.

மூன்றாம் நாள் காலை, அடுத்த மேசையில் இருந்த பாண்டியன் எழுந்தார். தூத்துக்குடிப் பக்கத்து இளம் ஆசிரியர், துடியானவர். கையில் ஒரு கட்டு.

"மேடம், மாஸ் காப்பி. முப்பத்தாறு பேரு ஒண்ணுபோல எழுதியிருக்காங்க. எந்த புக்குலயும் இல்லாத சமாச்சாரம். ஹால்ல யாரோ பிட்டு குடுத்திருக்காங்க."

"எல்லாரும் கொஞ்சம் பேனாவ வைங்க," என்றார் மேடம். ஒரு தாளை எடுத்து நிதானமாக வாசித்தார். "'மேற்கிலிருந்து வீசிய பலத்த காற்று வேல்ஷ் வீரர்களின் முதுகுக்குப் பின்னிருந்து துணைசெய்தது. நார்மன் வீரர்களின் தலைக்கவசக் கண்துளைகளில் மண் புகுந்து அவர்கள் தடுமாறினர்.'"

என் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது. நான் பிடிக்கவில்லை.

"அந்தக் காலத்து நார்மன் ஹெல்மெட்ல மூக்குக்கு நேரா ஒரு இரும்புப் பட்டை இறங்கும், அவ்வளவுதான். முகம் திறந்துதான் இருக்கும். கண்துளை எங்க இருந்து வந்துச்சு?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்டார் மேடம்.

அடுத்த தாளைப் பாண்டியனே வாசித்தார். "'இக்காற்றின் காரணமாக அப்பகுதியில் இன்றும் ஏராளமான காற்றாலைகள் இயங்கி வருகின்றன.'"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நாற்பது வரலாற்று ஆசிரியர்கள் ஒன்றாகச் சிரித்தால் அது சின்னச் சிரிப்பாக இராது. நானும் பல்லைக் காட்டினேன்.

என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேடம் 'காப்பி' என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்தக் கட்டு தனியாகப் போகும். கமிட்டி உட்காரும். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ரிசல்ட் நிறுத்தப்படும், பேப்பர் ரத்தாகும், சிலருக்குப் பரீட்சை எழுதவே தடை வரலாம். அத்தனை பேரும் கடைசி வருடப் பிள்ளைகள். பி.எட். சேரக் காத்திருப்பவர்கள் பத்துப் பேராவது உண்டு. இரணியல் ஷாஜிக்கு அவன் மாமா துபாயில் வேலை சொல்லிவைத்துவிட்டு, டிகிரி சர்டிபிகேட் வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வீடுகள். ஒருவரும் காப்பி அடிக்கவில்லை. நான் சொன்னதை நம்பி எழுதியிருந்தார்கள், அதுதான் அவர்கள் செய்த குற்றம்.

உடனே எழுந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் டீ வந்தது, நான் வராந்தாவுக்குப் போய் டீ குடித்தேன். ஒரு டம்ளர் டீயை முழுதாகக் குடித்து முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. இந்தத் தாள் இன்ன கல்லூரியுடையது என்று ஒரு திருத்துனர் சொல்லவே கூடாது, அது விதி, ஆகவே பேசாமல் இருப்பதுதான் நேர்மை என்று எனக்கு நானே நியாயம்கூடக் கற்பித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டம்ளரை வைத்துவிட்டு மேடத்தின் மேசைக்குப் போனேன். அவர் பச்சைப் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"மேடம், அந்தக் காத்து..." என்றேன். "அது எனக்க காத்து, மேடம்."

பேனாவை மூடினார். ஐந்து வரை எண்ணினார். "எந்த புக்கு, ஜெபசிங் சார்?"

"புக்கு இல்ல மேடம். ஆரல்வாய்மொழி."

எல்லாவற்றையும் சொன்னேன். மலை, காற்று, டஸ்டர், மேடையில் தடுமாறி விழப்போனது வரைக்கும். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கடைசியில் கையைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார். எனக்கு உயிரே இல்லை. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நான் நம்புறேன் சார். ஆனா கமிட்டி நம்பாது. பிள்ளைங்கள காப்பாத்த வாத்தியாரு பழிய ஏத்துக்கிடுதாருன்னுதான் சொல்லும். நீங்க இப்படித்தான் நடத்துனீங்கங்கிறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா? நோட்ஸ்?"

"நான் நோட்ஸ் வச்சு நடத்துறதில்ல மேடம்."

இருபது வருடமாக நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவந்த வாக்கியம் அது. அன்றைக்குச் சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மேடம் போகவில்லை. முப்பத்தாறு தாள்களையும் தானே படிக்க ஆரம்பித்தார். என்னை எதிரே உட்காரச் சொன்னார். நம்பரைப் பார்க்காமலிருக்க ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு பழுப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு, விரலால் வரிகளைத் தொட்டபடி வாசித்தார். ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. படித்ததைத் தலைகுப்புற வைத்தார், அந்த நேரத்திலும். காற்று, காற்று, மறுபடியும் காற்று. ஒருவன் மண்ணோடு சரளைக் கல்லையும் பறக்கவிட்டிருந்தான். எனக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முப்பதாவது தாளோ என்னவோ, விரல் ஒரு வரியில் நின்றது. அந்தப் பத்தியை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு எனக்காக மெதுவாக வாசித்தார்.

"'போரின்போது மேற்கிலிருந்து பலத்த காற்று வீசியது என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் கூறுவார். நான் நூலகத்தில் பார்த்த மூன்று நூல்களிலும் காற்றைப் பற்றிய குறிப்பு இல்லை. ஆகவே அதை ஒரு காரணமாகக் கொள்ள இயலாது. பாலம் உடைந்ததே பேரிழப்புக்குக் காரணம்.'"

தாளை மேசையில் வைத்தார். "இது போதும் சார். ஹால்ல பிட்டு வந்திருந்தா இந்தப் பிள்ளை 'எங்கள் ஆசிரியர் வகுப்பில்'னு எழுதியிருக்காது. இது ஹால்ல உக்காந்து அதே நேரத்துல எழுதின சாட்சி. இத எந்தக் கமிட்டியும் தள்ள முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கக்கூட முயலவில்லை.

மேடம் தீர்ப்பையும் அப்போதே சொன்னார். காற்றுக்கு மார்க் இல்லை. கண்துளைக்கு மார்க் இல்லை. குன்றுக்கும் பாலத்துக்கும் உண்டு. "காற்றாலைக்கு ஏதாவது போட்டுக் குடுங்க மேடம், பாவம்" என்று சாப்பிட்டுவிட்டு வந்த பாண்டியன் கேட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பாண்டியன் இடத்துக்குப் போய்விட்டார்.

பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத்தாளைத் தந்து நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். 'வகுப்பில் நான் கூறிய காற்று பற்றிய செய்தி சற்று மிகைப்படுத்தப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்தார். பச்சைப் பேனாவைத் திறந்து, 'சற்று மிகைப்படுத்தப்பட்டது' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'என் கற்பனை' என்று எழுதி, என்னிடமே நீட்டினார். நான் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த இரண்டு வருடம் என்னைக் கேம்புக்கு யாரும் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மேடம் கேட்டார். "இந்தப் பிள்ளை இத உங்ககிட்ட நேர்ல கேட்டுச்சா சார்?"

"இல்ல மேடம்."

"ஏன் கேக்கல?"

ஐந்து வரை எண்ணினேன், இந்தத் தடவை நான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ரிசல்ட் சரியான சமயத்தில் வந்தது. சர்டிபிகேட் வாங்கப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்த அன்று எல்லோரையும் வகுப்பில் உட்காரவைத்து, கேம்ப் விவரங்களைச் சொல்லாமல், காற்று என் சொந்தச் சரக்கு என்பதை மட்டும் சொன்னேன். ஹெல்மெட்டையும் சேர்த்துச் சொன்னேன். ஷாஜி எழுந்தான்.

"அப்பம் பாலமாவது உடஞ்சுதா சார்?"

"பாலம் உடஞ்சுது மக்கா. அதுக்கு நான் கேரண்டி."

வகுப்பு வழக்கம்போலக் குலுங்கியது. மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அஜிதா. குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுபவரின் மகள். இரண்டு பஸ் மாறி வருவாள். மூன்று வருடத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லோரும் போனபிறகு அவளை வராந்தாவில் நிறுத்தினேன்.

"லைப்ரரியில மூணு புக்கு பாத்தது நீதானா?"

தலையை மட்டும் ஆட்டினாள். ஏதோ தப்புச் செய்து பிடிபட்டதுபோல நின்றாள்.

"நல்ல காரியம் செஞ்ச. நீ எழுதினது எத்தன பேருக்கு உதவிச்சுன்னு உனக்கு தெரியாது. ஆனா எனக்கிட்ட ஏன் கேக்கல மக்கா?"

"ஒருக்க கேட்டேன் சார்," என்றாள். "பர்ஸ்ட் இயர்ல, வேற ஒரு பாடத்துக்கு. நீங்க என்னைய வச்சு ஒரு ஜோக்கு சொன்னிய. எல்லாரும் சிரிச்சாவ. பேப்பருன்னா நம்பருதான உண்டு, யாரு எழுதினதுன்னு தெரியாதுல்லா. அதான் அதுல எழுதினேன்."

குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அப்படி என்ன ஜோக் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். சுத்தமாக நினைவில்லை. அவளிடமே கேட்டேன்.

முதல் வருடம் கேட்டதை, ஒரு சொல்லுக்குக்கூட யோசிக்காமல் சொன்னாள்.